நைனா எழுதாத கடிதம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நீ கட்டிலின் மேல் விட்டுவிட்டுப் போன காகிதத்தை உன் அக்கா எடுத்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். கேட்காமல் படித்தது தப்புதான். கல்லூரியில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்த படிவம் என்றாள். ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டு, பத்து விஷயங்களை அச்சடித்து, எது உங்களுக்கு முதல், எது கடைசி என்று எண் போடச் சொல்லியிருந்தார்கள். சம்பளம், வேலை நிரந்தரம், பதவி உயர்வு, விடுமுறை, கற்றுக்கொள்ள வாய்ப்பு, கூட வேலை செய்கிறவர்கள், இப்படி. நான் பொன்னேரி மார்க்கெட்டிலிருந்து வந்து இறால் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அது எங்களுக்கு நல்ல விளையாட்டாக இருந்தது.

"அப்பா, நீயா இருந்தா எதுக்கு ஒண்ணு போடுவ?" என்று கேட்டாள்.

"பொயல் வந்து பத்து நாளு படகு எடுக்க முடியலன்னு வெச்சிக்க. அந்தப் பத்து நாளுக்கும் சம்பளம் குடுப்பானா? அது இருக்கா பாரு."

"அதெல்லாம் இல்லப்பா."

"அப்ப இன்னா படிவம் அது? எழுதுனவன் கரையிலயே குந்திக்கினு எழுதியிருக்கான்."

நீ சம்பளத்துக்கு நான்கு போட்டிருந்தாய். நிரந்தரத்துக்கு மூன்று. முதல் எண்ணை எதற்குப் போட்டிருந்தாய் என்று அவள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சொந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்குப் போட்டிருந்தாய். அதன் ஓரத்தில், தூரமாக இருக்க வேண்டும் என்று பேனாவால் எழுதி அடிக்கோடும் இழுத்திருந்தாய். உன் அப்பா சிரித்தார். "கோட்டையாண்ட கல்லறையில படுத்துக்கினு இருக்கானுங்களே டச்சுக்காரனுங்க, அவனுங்களும் கம்பெனி வேலைக்குனு தூரமா வந்தவனுங்கதான். எவனாச்சும் திரும்பிப் போனானா கேளு" என்றார். உன் அக்கா சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம், காரணம் எழுத நான்கு வரி விட்டிருந்தார்கள். நீ ஒரு வரி மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்தாய். அதை அவள் தமிழில் சொன்னாள். "எங்க அம்மாவுக்கு இதைக் குடுக்காம பண்ணிட்டாங்க. அவங்களுக்காக நான் போறேன்." அதோடு சிரிப்பு நின்றுபோனது. நான் எழுந்து உலைப் பக்கம் போனேன். உலையில் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பூனாவில் மருந்து செய்கிற கம்பெனி ஒன்று உன்னை எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. நல்ல சம்பளம், நிரந்தர வேலை, தங்க இடம். இங்கே ஏரித் தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடமும் கூப்பிடுகிறது. அது இரண்டு வருஷத்துக்கு மட்டும், சம்பளமும் குறைவு. நீ பூனாவுக்குச் சரி என்று எழுதப் போகிறாய். எழுது, எழுதாதே என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக் காரணம் பொய். பொய் உன்னுடையதல்ல, என்னுடையது. அதை உன்னிடம் சொல்லாமல் வெள்ளிக்கிழமையைத் தாண்ட விட்டால் அப்புறம் எனக்குச் சொல்ல வாய் வராது. இரண்டு நாளாக, மார்க்கெட்டிலிருந்து வந்த பிறகு, பட்டப்பகலில், வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கை வலிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை.

உனக்குத் தெரிந்த கதை இது. உன் அம்மா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். சென்னையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. உன் தாத்தா பெண்ணை அனுப்ப மனசில்லாமல், வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார். அதனால்தான் உன் அம்மா முப்பது வருஷமாக இறால் கூடை தூக்குகிறாள். இந்தக் கதையை நான் உனக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை. ஊரில் சொன்னார்கள், உன் அத்தைகள் சொன்னார்கள், நீ கேட்டு வளர்ந்தாய். நீ என்னிடம் வந்து கேட்டபோதெல்லாம் நான் பெருமூச்சு விட்டேன். ஒரு பெருமூச்சு போதும், கதை நின்றுவிடும்.

நடந்தது வேறு. என் அம்மா நான் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் என் நைனாவும், அதாவது உன் தாத்தாவும்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது, பெயரை மட்டும் எழுதுவார். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, அந்த நாள் சரியாக அவருடைய பாடு முறையில் விழுந்தது. பாடு என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் காலேஜ் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான். அங்கே வலை கட்டுவதற்குச் சீட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருப்போம். அன்று நீ போகாவிட்டால் அந்த முறை போனதுதான், திரும்பித் தர மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்றாலும் கிடையாது. இறால் காலத்தில், முகத்துவாரத்தை ஒட்டின இடத்தில் விழுந்த முறையை நைனா விட்டுவிட்டார். "இன்னா மாமா, பொண்ண டாக்டர் ஆக்கப் போறியா?" என்று கரையில் கிண்டல் செய்தார்கள். "ஆக்குனா உனக்குத்தான் மொத ஊசி" என்றார். பொன்னேரியில் பூட்டு வைத்த தகரப் பெட்டி ஒன்று வாங்கி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவே பார்க்க நடந்து வந்தார்.

நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு அந்த நர்ஸ் பள்ளி விடுதியிலேயே பெண்களைத் தங்க வைத்தார்கள். நைனா வெளியே கேட் பக்கத்தில் படுத்துக்கொண்டார். உள்ளே நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள். என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். என் பையில் நைனாவுக்காகக் கட்டிக்கொண்டு போன சோறும் நெத்திலிக் கருவாடும் இருந்தன. அவள் மூக்கைச் சுளித்து, "என்ன இது வாசனை?" என்று கேட்டாள். கெட்ட பெண் இல்லை. கேட்டுவிட்டு, கட்டிலைச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. இரவு முழுக்க என் கையை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது. மூன்று வருஷம் அந்த அறையில் தூங்க வேண்டும் என்று நினைத்தபோது திரும்பவும் கையை முகர்ந்தேன்.

சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. நைனா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினார். அவரிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுக்கொடுத்த முறை, தகரப் பெட்டி, தெருவில் பேசின பேச்சு எல்லாம் நடுவில் நின்றன. அவருக்கு அடுத்த முறை வந்த இரவில் அவர் ஏரிக்குப் போனார். நான் கதவைத் தாழ் போட்டேன். சிமினி விளக்கை அடுப்புக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் வெளியே போகாமல் பாவாடையால் மறைத்துக்கொண்டு, கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். நாய் குரைத்தால் நிறுத்துவேன். யாரோ நடந்தால் தாளை முட்டிக்குக் கீழே வைத்துக்கொள்வேன். ஐயா, என் மகளை அனுப்ப எனக்கு விருப்பமில்லை, இந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடவும் என்று எழுதினேன். கீழே நைனாவின் பெயரை அவர் எழுதுகிற மாதிரியே நடுங்கின எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. அதற்கு நான் முயற்சி எதுவும் செய்யவில்லை. என் கை தானாகவே அப்படித்தான் ஓடியது. காலையில் கடைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தேன். அப்புறம் நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

சேர வேண்டிய நாள் தாண்டியதும் எங்கள் தலைமையாசிரியை அங்கே விசாரித்திருக்கிறார். என்னை அந்தப் படிப்புக்கு மனுப் போட வைத்தவரே அவர்தான். விஷயம் தெரிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நைனா வாசலில் வலையை உதறி இலை தழை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே அடுப்புப் பக்கம் நின்றேன்.

"நீங்க பண்ணது நியாயமாங்க? பிள்ளை எவ்வளவு ஆசையா இருந்தது! அனுப்ப விருப்பமில்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டு எழுதிட்டீங்களே" என்றார் டீச்சர்.

நைனாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்னா டீச்சர்? இன்னா எழுதுனேன்?" என்றார். டீச்சர் திரும்பவும் சொன்னார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். நைனா தலையைத் திருப்பி வாசல் வழியாக என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் எழுதத் தெரிந்தது நான் ஒருத்திதான். அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பி, "ஆமா டீச்சர். நாந்தான் ஒருத்தன வெச்சி எழுதுனேன். மனசு வரல" என்றார்.

"மனசு வராதவரு எதுக்கு முறைய விட்டுட்டுப் போனாரு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். "வயசுப் பொண்ண ஊட்டோட வெச்சிக்கினு சோறாக்க சொல்லத்தான்" என்று ஒரு பொம்பளை சொன்னாள். டீச்சர் அழுதுகொண்டே போனார். நைனா திரும்பவும் வலையைக் கையில் எடுத்தார். அன்றைக்கு இரவும் அவர் என்னைக் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, எப்போதும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்தத் தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "உனுக்குப் புடிச்சிருக்கா? புடிக்கலன்னா வாய் தொறந்து சொல்லிடு" என்று மூன்று தரம் கேட்டார். அது ஒன்றுதான் அவர் அதைப் பற்றிப் பேசின பேச்சு என்று நினைக்கிறேன்.

இது என்னுடைய முதல் தப்பு. பதினேழு வயசுப் பெண்ணின் பயம் என்று அதை நீ மன்னிக்கலாம். அடுத்ததை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது எனக்கு முட்டி வீங்கி, பஸ்ஸிலிருந்து கூடையோடு விழுந்து வந்தேனே, அந்தச் சாயங்காலம் தாத்தா நம் வீட்டில் இருந்தார். நீ அவருக்கு முன்னால் போய் நின்றாய். "உன்னாலதான் எங்கம்மா கூடை தூக்குது. நீ அனுப்பியிருந்தா இன்னேரம் பெரிய நர்ஸா இருந்திருக்கும். நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டாய். நான் கால் நீட்டிப் படுத்திருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. அவர் உன்னை நிமிர்ந்து பார்த்து, "ஆமாடா. தப்புதான்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு நாற்பது வயசு, யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. சொல்லவில்லை. என் மகன் என் பக்கம் நிற்கிறான் என்பது அவ்வளவு இதமாக இருந்தது. அதற்குப் பிறகு நீ அவரோடு பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கிடந்தபோது நீ வராந்தாவிலேயே நின்றாய். உள்ளே போடா என்று சொல்லி உன்னைப் பிடித்துத் தள்ள எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

ஆகவே அந்த ஒரு வரியை நீ அடித்துவிட வேண்டும். யாரும் எனக்குக் கொடுக்காமல் பண்ணவில்லை. கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. எனக்காக நீ எந்த ஊருக்கும் போக வேண்டிய கடமை இல்லை. இதைச் சொன்னதால், அம்மா நம்மை ஊரிலேயே பிடித்து வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடாதே. இங்கே என்ன வாழ்கிறது? நான் இன்னும் எத்தனை வருஷம் கூடை தூக்குவேன் என்று தெரியவில்லை. உன் அப்பாவுக்குத் தோள் போய்விட்டது. உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் நம் வீட்டுக்கு வந்திருந்தபோது பேசிக்கொண்டதைக் கேட்டேன். ஒருவன் சம்பளம்தான் என்றான். அவன் தங்கைக்குக் கல்யாணம் இருக்கிறது. அவனைக் கேவலமாக நினைக்காதே. பெண் கொடுக்கிற வீட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி வேலை வேண்டும் என்றான் இன்னொருவன். "இருட்டுறதுக்குள்ள பஸ் இருக்கணும் ஆன்ட்டி, பூட்டுற மாதிரி பாத்ரூம் இருக்கணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றது காட்டூரிலிருந்து வருகிற பெண். அது சிரிக்கிற விஷயமில்லை. அவரவர் காலில் எது குத்துகிறதோ அதைப் பார்த்துத்தான் அவரவர் செருப்பு தேடுகிறார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் அவர்களுடையவை. உன்னுடையது மட்டும் இரவல் காரணமாக இருந்தது. அதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், முடிவை நீ பார்த்துக்கொள். பூனாவைப் பற்றிப் பேசும்போது நீ சாப்பாட்டுக்கூடம், ஏசி, லாப்டாப் என்று சொல்கிறாய். ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. போன வருஷம் காலேஜ் வேலைக்காகப் பாட்டில் பாட்டிலாக ஏரித் தண்ணீர் எடுத்தாயே, அப்போது உன் அப்பாவோடு ஒரு சண்டை போட்டாய். "இந்தத் தண்ணியில உப்பு ஏறிச்சா இல்லியானு கண்டுபுடிக்க மூணு வருஷம் காலேஜா? நாக்குல வெச்சா தெரிஞ்சிடும்" என்றார் அவர். "எவ்ளோ ஏறிச்சுனு தெரியுமா?" என்று நீ கேட்டாய். "எனுக்கு எதுக்கு? இறாலுக்குத் தெரியும்" என்றார். நீ நோட்டை எடுத்து வந்து, சோறு ஆறிப்போகும் வரை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். அவரும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் ஆய்வுக்கூடம்தான் உனக்கு என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் கழித்து நீ வேலையில்லாமல் நின்றால் அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. உனக்கும் ஊரை விட்டுப் போக உன் சொந்தக் காரணம் இருக்கலாம். பஸ்ஸில் நம்மைப் பார்த்து இடம் மாறி உட்காருகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். அது காரணமாக இருந்தால் அதையே எழுது. வெட்கமில்லை. இரண்டில் ஒன்றைப் பார்த்து உனக்குப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது வாய் திறந்து சொல். பயத்துக்கு வேறு ஒருவர் பெயரைப் போட்டு அனுப்பாதே. எனக்குத் தெரிந்த புத்தி அது ஒன்றுதான்.

இதை ஒட்டாமல் மடித்து உன் அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் படித்துவிட்டாள். நேற்று உன் அப்பாவிடம் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவர், "மாமன் எங்கிட்டகூட சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். டீச்சர் இப்போது பொன்னேரியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். வருகிற வாரம் போய், அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று அவரிடமும் சொல்லப் போகிறேன். ஊரில் அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்குச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை நீ எந்தக் கம்பெனிக்கு என்ன எழுதினாலும் அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு. எடுத்ததும் வேலையைப் பற்றிச் சொல்லாதே. முதலில் என்னைத் திட்டு. தாத்தாவை என்ன கேட்டாயோ அதையெல்லாம் என்னைக் கேள். பாவம், முட்டி வலிக்கிறவள் என்று பார்க்காதே. நைனா கடைசி வரை திட்டவே இல்லை. அதை முப்பது வருஷம் தாங்கியாகிவிட்டது, இனி முடியவில்லை. நீ திட்டி முடிக்கும் வரை நான் போனை வைக்க மாட்டேன்.

உன் அம்மா